வார்டில் யார் பேச்சு எடுபடும்?

கடலூர் அரசு மருத்துவக் கல்லூரிக்குப் போகணும் என்று திருப்பாதிரிப்புலியூர் பேருந்து நிலையத்தில் ஓர் ஆட்டோக்காரரிடம் சொல்லிப் பாருங்கள். "அதுக்கு சிதம்பரம் பஸ் ஏறணும் சார்" என்பார். பெயர்தான் கடலூர். ஆஸ்பத்திரி இருப்பது சுமார் 45 கிலோமீட்டர் தள்ளி, சிதம்பரம் அண்ணாமலை நகரில். 2021 வரைக்கும் அது ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கையிலிருந்து சுகாதாரத் துறையின் கைக்கு மாறியபோது மாவட்டத்தின் பெயர் வந்து ஒட்டிக்கொண்டது. கடலூர் நகரத்துக்குள் இருப்பது மாவட்ட அரசு தலைமை மருத்துவமனை. இரண்டையும் ஒரே பயணத்தில் எட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது பெரியம்மாவின் ஏற்பாடு.

பெரியம்மா செவிலியர் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். வட மாவட்டத்து அரசு ஆஸ்பத்திரிகளில் பாதி அவருக்கு அத்துப்படி. கடலூரில் அவருடைய நாத்தனார் மகன் பைக்கிலிருந்து விழுந்து கால் முறிந்து படுத்திருந்தான். சிதம்பரத்தில் நடராஜரைப் பார்க்க வேண்டும். பெரியம்மாவிடம் ஒரு காலத்தில் வார்டு வேலை பழகி, இப்போது அண்ணாமலை நகரில் இருக்கும் ஒரு சிஸ்டரையும் பார்க்க வேண்டும். பை தூக்க நான்.

ஆஸ்பத்திரிக்குள் நுழைந்ததும் நாமெல்லாம் டாக்டர் எங்கே என்று தேடுவோம். பெரியம்மாவின் கண் முதலில் கை கழுவும் தொட்டிக்குப் போகிறது, தண்ணீர் வருகிறதா, சோப்பு இருக்கிறதா என்று. அடுத்து எமர்ஜென்சி ட்ராலி. அதன் மேல் யாராவது டிபன் பாக்ஸ் வைத்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை. இல்லை. முகத்தில் லேசான நிம்மதி. அதற்கப்புறம்தான் நாத்தனார் மகன்.

அவனுக்கு ஒரு மனத்தாங்கல். 108-இலிருந்து இறக்கியபோது டாக்டர் வந்து தொடவே இல்லையாம். ஒரு சிஸ்டர்தான் பல்ஸ் பார்த்து, பி.பி. பார்த்து, நாலு கேள்வி கேட்டு, "மஞ்சள்" என்று சொல்லிவிட்டுப் போனாராம். பக்கத்தில் ஊரே அதிரக் கத்திக்கொண்டிருந்த ஒருவருக்குப் பச்சை. சத்தமே காட்டாமல் கிடந்த ஒரு பெரியவரைச் சிவப்பு என்று சொல்லி உள்ளே தள்ளிக்கொண்டு ஓடினார்களாம். "எனக்கு அப்புறம் வந்தவரு அத்தை அவரு!"

"கத்துறவனுக்கு மூச்சு இருக்குடா" என்றார் பெரியம்மா. "கத்தாதவனைத்தான் முதல்ல பார்க்கணும். அந்தப் பொண்ணு சரியாத்தான் பார்த்திருக்கா."

தமிழ்நாட்டு அரசு மருத்துவமனைகளில் 'தாய்' என்று சுருக்கிச் சொல்லப்படும் விபத்து, அவசர சிகிச்சைத் திட்டம் வந்த பிறகு ஏற்பட்ட மாற்றம் இது. யார் முதலில், யார் காத்திருக்கலாம் என்று வாசலிலேயே நிறம் பிரிக்கிறார்கள். பல இடங்களில் அதைச் செய்வது அதற்கென்று பழகிய ஒரு நர்ஸ். அவர் சிவப்பு என்றால் உள்ளே இருக்கும் டாக்டர், எக்ஸ்ரே ஆள், ரத்தம் எடுக்கும் லேப் டெக்னீஷியன், ஸ்ட்ரெச்சர் தள்ளும் பணியாளர் என எல்லோரும் அந்த ஒரு சொல்லுக்கு அசைய வேண்டும். ரேஷன் கடை வரிசையில் நின்று பழகிய நமக்கு, பின்னால் வந்தவர் முன்னால் போவதை ஜீரணிக்கக் கொஞ்ச நாள் ஆகும்.

முடிவெடுக்கும் வேலை தமிழ்நாட்டு நர்ஸுகளிடம் இதற்கு முன்பே பெரிய அளவில் வந்த இடம் ஒன்று உண்டு: கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையம். ஒரு காலத்தில் அங்கே சாயங்காலம் ஆனால் பூட்டுதான். இரண்டாயிரங்களில், ஒரு நிலையத்துக்கு மூன்று ஸ்டாஃப் நர்ஸ், ஷிப்டுக்கு ஒருவர் என்று போட்டு இருபத்து நாலு மணி நேரமும் திறந்து வைத்தார்கள். நடுராத்திரியில் வலி எடுத்து வரும் பெண்ணுக்குப் பிரசவம் பார்ப்பதும், இது நம் கைக்கு மீறியது என்று கண்டு மேலே அனுப்புவதும் அந்த நர்ஸின் பொறுப்பு. கருவுற்ற நாளிலிருந்து கணக்கு வைத்திருக்கும் கிராம சுகாதார செவிலியர் ஒரு பக்கம், 2008-இல் ஓடத் தொடங்கிய 108 இன்னொரு பக்கம், மேலே தாலுகா ஆஸ்பத்திரியில் மகப்பேறு மருத்துவரும் மயக்க மருத்துவரும். 2018-20 கணக்கில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு இந்தியா முழுவதும் 97 தாய்மார் இறந்தபோது தமிழ்நாட்டில் அது 54. இந்தப் புள்ளிவிவரத்தைக் காட்டி மேடையில் பேசுகிறவர்கள் மருத்துவக் கல்லூரிகளின் எண்ணிக்கையைச் சொல்வார்கள். ராத்திரி ஷிப்டில் தனியாக உட்கார்ந்திருந்த அந்த நர்ஸைச் சொல்லிக் கேட்டதில்லை.

கடலூர் துறைமுகம் ஜங்ஷனிலிருந்து சிதம்பரத்துக்குப் பாசஞ்சர் ரயில். பஸ்ஸில் சீக்கிரம் போகலாம். பெரியம்மாவுக்கு முட்டி வலி. சிப்காட் தொழிற்பேட்டை வாடை கொஞ்ச தூரம் கூட வந்தது. ஆலப்பாக்கம் தாண்டியதும் உப்புக்காற்றும் சவுக்கும். ஜன்னலோரத்தில் உட்கார்ந்துதான் பெரியம்மா ஒரு பொட்டாசியம் கதையைச் சொன்னார். நடந்தது எந்த ஆஸ்பத்திரி என்று நான் கேட்கவில்லை; கேட்டிருந்தாலும் சொல்லியிருக்க மாட்டார்.

ராத்திரி டியூட்டி. ஆண்கள் மெடிக்கல் வார்டு, நாற்பது பேருக்கு மேல், சிஸ்டர் ஒருத்தர்தான். புது ஹவுஸ் சர்ஜன் ஒருவர் பாவம் முந்தின நாளும் தூங்காதவர். ஒரு நோயாளிக்குப் பொட்டாசியம் குறைந்திருக்கிறது என்று லேபிலிருந்து ரிசல்ட் வந்தது. கேஸ் ஷீட்டில் 'கே.சி.எல்., ஐ.வி., உடனே' என்று எழுதிவிட்டுப் போய்விட்டார். டிரிப்ஸில் கலந்து இத்தனை மணி நேரத்தில் என்று எழுதவில்லை. அந்த மருந்தைக் கலக்காமல் நரம்பில் நேரே தள்ளினால் இதயம் நின்றுவிடும்.

"நான் போடலை. போன் பண்ணிக் கேட்டேன். 'எழுதினதைப் போடுங்க சிஸ்டர்'னு சொல்லிட்டாரு. நான் மேல இருக்கிற டியூட்டி டாக்டரை எழுப்பினேன். அவரு கண்ணைக் கசக்கிட்டே வந்து ஷீட்டைப் பார்த்தாரு. ஒண்ணும் பேசலை. வேற எழுதிட்டுப் போனாரு."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன? காலையில எனக்கு ஒரு டோஸ். டாக்டர் ஆர்டரை மீறி மேல போயிட்டேனாம். எழுத்துல விளக்கம் குடுன்னாங்க."

விளக்கம் கொடுத்தாராம், நாலே வரி. பிறகு அவர் செய்த இன்னொரு காரியம்தான் எனக்குப் பெரிதாகப் பட்டது. ஆஸ்பத்திரி மருந்தாளுநரிடம் போய்ப் பேசி, அந்த ஆம்ப்யூல்களை மற்ற ஊசி மருந்துகளோடு ஒரே தட்டில் வைக்காமல், தனி அலமாரியில் பூட்டி, சாவியை இன்சார்ஜ் சிஸ்டரிடம் வைக்க ஏற்பாடு செய்திருக்கிறார். அடர் பொட்டாசியத்தை வார்டுத் தட்டிலிருந்து அப்புறப்படுத்தச் சொல்லி உலகத்தின் பெரிய மருத்துவ அமைப்புகளெல்லாம் எச்சரிக்கை அனுப்பியிருக்கின்றன. பெரியம்மா அதெல்லாம் படித்துச் செய்யவில்லை. மருந்தாளுநர் நல்ல மனுஷர், ஒத்துக்கொண்டார், அவ்வளவுதான் என்கிறார். அந்த ஹவுஸ் சர்ஜன்? "தங்கமான பையன். அப்புறம் எது எழுதினாலும் 'சிஸ்டர் ஒரு தடவை பாருங்க'ம்பான். இப்ப பெரிய டாக்டர்."

கதை இப்படி முடிந்தது நோயாளியின் அதிர்ஷ்டம். வேறொரு சிஸ்டர், கொஞ்சம் பயந்த சுபாவம், வேலை நிரந்தரம் ஆகாதவர் என்றால்? இதைத் தனி மனிதரின் தைரியத்துக்கு விட்டுவைக்கக் கூடாது என்பதை அமெரிக்காவில் பீட்டர் புரோனோவோஸ்ட் என்ற மருத்துவர் செய்து காட்டினார். 2001, ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவு. பெரிய ரத்தக்குழாயில் குழாய் செருகும்போது கை கழுவு, தோலைச் சுத்தம் செய், நோயாளி மேல் கிருமி நீக்கிய துணி போர்த்து, அங்கியும் கையுறையும் போடு, செருகிய இடத்தைக் கட்டு என்று ஐந்தே வரி. முதல் ஒரு மாதம் நர்ஸுகளைச் சும்மா கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்ட நோயாளிகளுக்கு டாக்டர்கள் ஒரு வரியையாவது விட்டுவிட்டிருந்தார்கள். அடுத்த மாதம் நிர்வாகத்திடம் பேசி, டாக்டர் ஒரு வரியை விட்டால் நிறுத்தச் சொல்லும் அதிகாரத்தை நர்ஸுக்கு வாங்கிக் கொடுத்தார். நிறுத்தினால் நிர்வாகம் நர்ஸின் பக்கம் நிற்கும். அந்தக் குழாய்களால் வந்த தொற்று நூற்றுக்குப் பதினொன்றிலிருந்து பூஜ்யத்துக்கு வந்தது. அந்த ஐந்து வரியில் டாக்டர்களுக்குத் தெரியாதது ஒன்றுமில்லை. புதிதாக வந்தது நர்ஸின் அதிகாரம் மட்டும்தான்.

இதைச் சொன்னதும் பெரியம்மா கேட்டது ஒரே கேள்வி: "அந்த நர்ஸுக்கு எத்தனை பேஷண்ட்?" தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒன்றோ இரண்டோ. "அதான்" என்றார். இந்திய நர்சிங் கவுன்சில் வகுத்தபடி, கற்பிக்கும் மருத்துவமனையில் மூன்று நோயாளிக்கு ஒரு நர்ஸ், மற்றப் பொது மருத்துவமனையில் ஐந்துக்கு ஒருவர். காகிதத்தில். நாற்பது பேருக்கு ஒருத்தி ஓடும்போது டாக்டர் கை கழுவினாரா என்று நின்று பார்க்க எங்கே நேரம்?

புதுச்சத்திரம் தாண்டி பரங்கிப்பேட்டை. வெள்ளையர்கள் போர்ட்டோ நோவோ என்று எழுதிய ஊர். 1781-இல் ஹைதர் அலிக்கும் ஆங்கிலேயருக்கும் சண்டை நடந்த இடம். பெரியம்மாவுக்கு இந்த ஊர்ப் பெயரைக் கேட்டால் வேறு நினைவு. 2004 டிசம்பர் 26, சுனாமி வந்த ஞாயிற்றுக்கிழமை. இந்த மாவட்டக் கரையில் மட்டும் அறுநூறு பேருக்கு மேல் போய்விட்டார்கள். ஞாயிறு என்றால் ஆஸ்பத்திரியில் ஆள் குறைவு, ஓ.பி. கிடையாது, பெரிய டாக்டர்கள் பலர் வீட்டில் அல்லது ஊரில். அவர் அப்போது ஒரு தாலுகா ஆஸ்பத்திரியில். அடிபட்டவர்கள் வண்டி வண்டியாக வந்து இறங்கியபோது அங்கே இருந்தவர்கள் ஒரு டாக்டர், இரண்டு சிஸ்டர், ஒரு மருந்தாளுநர், இரண்டு தூய்மைப் பணியாளர்.

"யாரு பெரியவங்க, யாரு சின்னவங்கன்னு பார்க்கிற நாளா அது? டாக்டர் தையல் போட்டாரு. மருந்தாளுநர் டி.டி. ஊசி நிரப்பி நிரப்பிக் குடுத்தாரு. உயிரோட இருக்கிறவங்களையும் இல்லாதவங்களையும் பிரிச்சது தூய்மைப் பணியாளர் அம்மாதான். ஒரு குழந்தையை 'இதுக்கு மூச்சு இருக்கு சிஸ்டர்'னு தூக்கிட்டு ஓடியாந்தா." குழந்தை பிழைத்ததா என்று கேட்டேன். பிழைத்தது. அந்த அம்மாள் ஒப்பந்தத்தில் இருந்தவர். எவ்வளவு நாள் வேலையில் இருந்தார் என்பது பெரியம்மாவுக்குத் தெரியவில்லை. பேரிடர் நாளில் தானாக வந்த இந்த ஒற்றுமை அடுத்த வாரமே பழைய படிநிலைக்குத் திரும்பிவிட்டது என்பதையும் அவரேதான் சொன்னார். வெள்ளாற்றுப் பாலத்தில் ரயில் மெதுவாகப் போய்க்கொண்டிருந்தது.

சிதம்பரம் ஸ்டேஷனுக்குக் கிழக்கே இறங்கினால் அண்ணாமலை நகர். 1929-இல் ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் தொடங்கிய பல்கலைக்கழகம். மருத்துவக் கல்லூரி வந்தது 1985-இல். 2021 வரை இங்கே பெயர்களில் ஒரு வேடிக்கை இருந்தது. மருத்துவக் கல்லூரிக்கும் பல் மருத்துவக் கல்லூரிக்கும் ராஜா முத்தையா பெயர். நர்சிங் கல்லூரிக்கு அவருடைய மனைவி ராணி மெய்யம்மை பெயர். யாரும் யோசித்து வைத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் டாக்டர் ஆம்பிளை, நர்ஸ் பொம்பளை என்ற நம் நினைப்பு கல்வெட்டாக நின்றது. 2020 டிசம்பரில் தொடங்கி, மற்ற அரசுக் கல்லூரிகளின் கட்டணம்தான் இங்கேயும் வேண்டும் என்று மருத்துவ மாணவர்கள் வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 ஜனவரி இறுதியில் மூன்று கல்லூரிகளையும் சுகாதாரத் துறைக்கு மாற்றி அரசாணை வந்தது.

பெரியம்மாவின் பழைய சிஸ்டர் கேன்டீனுக்கு வந்து சேர்ந்தார். இருவரும் பேசிய வேகத்தில் எனக்குப் பாதி புரியவில்லை. அந்த சிஸ்டரின் கையில் பிளாஸ்டர் துண்டில் எழுதி ஒட்டிய ஏதோ ஒரு எண், கழற்ற மறந்தது, பேசும்போதெல்லாம் ஆடியது. அவர் சொன்ன ஒன்று மட்டும் நன்றாகப் புரிந்தது. கொரோனா நாட்களில் எல்லோரும் ஒரே மாதிரி வெள்ளை உடைக்குள் மூடிக்கொண்டபோது யார் டாக்டர், யார் நர்ஸ், யார் ஒர்க்கர் என்று தெரியாமல் முதுகில் மார்க்கர் பேனாவால் பெயர் எழுதிக்கொண்டார்கள். "அப்பதான் மேடம் எங்களைப் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்க. இல்லேன்னா எல்லாருமே சிஸ்டர்தானே."

சின்ன விஷயம் என்று தள்ளிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட அறுவை சிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலில், கத்தி வைப்பதற்கு முன் அறையிலுள்ள ஒவ்வொருவரும் தன் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும் என்று ஒரு வரி இருக்கிறது. பெயர் சொல்லி ஒரு முறை வாய் திறந்தவர், பின்னால் ஏதாவது தப்பாகத் தெரிந்தால் மறுபடி வாய் திறப்பார் என்பது அதன் கணக்கு. புது தில்லி உட்பட எட்டு நகரங்களில் பரிசோதித்ததில் இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 சதவீதமாகக் குறைந்தது. நம் ஆபரேஷன் தியேட்டரில் சீஃப் எதிரில் ஒரு ஸ்டாஃப் நர்ஸ் தன் பெயரைச் சத்தமாகச் சொல்வதைக் கற்பனை செய்து பார்த்தேன். பெரியம்மா சிரித்தார்.

இந்த வளாகத்தின் பெரிய வசதி, டாக்டருக்குப் படிப்பவர்களும் நர்ஸுக்குப் படிப்பவர்களும் கூப்பிடு தூரத்தில் இருப்பது. ஆனால் பாடம் தனித்தனி, ஹாஸ்டல் தனித்தனி. முதன்முதலாக ஒருவரை ஒருவர் வேலைக்காகப் பார்ப்பது ஒரு நோயாளியின் கட்டிலருகே, பெரும்பாலும் நடுராத்திரியில். நரம்பில் வென்ஃப்ளான் போடத் தடுமாறும் ஹவுஸ் சர்ஜனுக்குக் கை பிடித்துச் சொல்லிக் கொடுப்பது சிஸ்டர்தான். இதை எந்தப் பாடத்திட்டமும் எழுதி வைக்கவில்லை. பல தொழில் மாணவர்கள் சேர்ந்து படிக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2010-இலேயே ஒரு வழிகாட்டி வெளியிட்டது. 1909-இல் ஐடா ஸ்கடர் நர்சிங் பள்ளி தொடங்கி, 1946-இல் பட்டப்படிப்பும் கண்ட வேலூர் சி.எம்.சி.யில், பாடம் நடத்தும் நர்ஸே வார்டுப் பொறுப்பிலும் இருக்கும் வழக்கம் உண்டு. அண்ணாமலை நகரில் செய்வதற்கு ஒரு காசு செலவில்லாத காரியம் இருக்கிறது: மாதம் ஒரு நாள், ஒரு கேஸ், ஒரே அறையில் இரண்டு கல்லூரி மாணவர்களும். தொடங்கி வைக்க ஒரு டீனும் ஒரு நர்சிங் பிரின்சிபாலும் சேர்ந்து டீ குடித்தால் போதும்.

சாயங்காலம் கோயில். சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சும் சாப்பிட்டுவிட்டுத்தான் உள்ளே போனோம். முறை மாறிவிட்டது என்று பெரியம்மாவுக்கு வருத்தம். நடராஜர் சந்நிதி மேடையான கனகசபையருகே கூட்டம். 2008 மார்ச்சில் ஆறுமுகசாமி என்ற வயதான சிவனடியார் அரசாணையோடும் போலீஸ் காவலோடும் இந்த மேடையேறித் தேவாரம் பாட வேண்டியிருந்தது. 2022 மே மாதம், பக்தர்களும் மேலேறிக் கும்பிடலாம் என்று இன்னொரு அரசாணை. பாட்டு எல்லோருக்கும் தெரியும். எங்கே நின்று பாடலாம் என்பதற்கு ஆணை வேண்டியிருந்தது. ஆஸ்பத்திரி ஞாபகம் வராமல் இல்லை.

பேச்சுக்கு இடம் என்றால் வேலைக்கும் உறுதி வேண்டும். 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட நர்ஸுகளைத் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள். மாதம் 7,700 ரூபாய். 2017 நவம்பரில் ஆயிரக்கணக்கானோர் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்தார்கள். கொரோனாவுக்கு எடுத்த இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் ஒப்பந்தம் 2022 டிசம்பர் 31-ஓடு முடித்துவைக்கப்பட்டது, மறுபடியும் போராட்டம். நாளைக்கு வேலை இருக்குமா என்று தெரியாத ஒரு பெண், ராத்திரி இரண்டு மணிக்கு டாக்டர் எழுதியதைப் போட மாட்டேன் என்று சொல்ல வேண்டும் என நாம் எதிர்பார்க்கிறோம். செவிலியர்களுக்குத் தனி இயக்குநரகம் வேண்டும் என்று அவர்களுடைய சங்கங்கள் நெடுநாளாகக் கேட்டு வருகின்றன. கொடுப்பதில் என்ன தயக்கம் என்று எனக்குப் புரியவில்லை. பெரியம்மாவுக்குப் புரிகிறது, "கோப்பு யார் மேசைக்குப் போகுதுங்கறதுதான்டா அதிகாரம்" என்றார்.

உங்கள் வீட்டு ஆள் யாராவது வார்டில் படுத்திருந்தால், எல்லாக் கேள்வியையும் சேர்த்து வைத்துக்கொண்டு ரவுண்ட்ஸ் வரும் டாக்டருக்காகக் காத்திருக்காதீர்கள். மூச்சு வாங்குகிறது, நேற்றுப் பேசியவர் இன்று பேசவில்லை, சிறுநீர் போகவில்லை என்றால் உடனே டியூட்டி சிஸ்டரிடம் பெயர் கேட்டு, பெயர் சொல்லிச் சொல்லுங்கள். அவர் போன் செய்தும் மேலிருந்து யாரும் வரவில்லை என்றால் சத்தத்தை அவரிடம் காட்டாமல், அவரோடு சேர்ந்து நிலைய மருத்துவ அலுவலர் அறை வரை போங்கள்.